எத்தனை சுத்து சுத்தினேன்?

  

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். மில்லிங் மெஷின் முன்னாடி நிக்கிறீங்க. ஹேண்டிலை எண்ணிக்கிட்டே சுத்துறீங்க. அஞ்சு... ஆறு... ஏழு... பின்னாலிருந்து ஒரு குரல்: "மச்சி, உனக்கும் டீ சொல்லட்டுமா?" "சொல்லுடா"ன்னு திரும்பிப் பதில் சொல்லிட்டு ஹேண்டிலைப் பார்த்தா... ஏழா? எட்டா?

இந்த ஒரு கேள்வியில என் ஃபைனல் இயர் புராஜெக்ட் கிட்டத்தட்ட காலி!

கோவை, சிங்காநல்லூர் பக்கம் ஃப்ரெண்டோட மாமாவுக்கு ஒரு சின்ன ஷெட். அதில் மேஜை மேல் வைக்கிற சைஸில் ஒரு செகண்ட் ஹேண்ட் மில்லிங் மெஷின். எங்க வேலை, ஒரு அலுமினியத் தகட்டில் 40 மி.மீ. விட்ட வட்டத்தில் ஆறு ஓட்டை. அவ்வளவுதான். கணக்குப்படி ரெண்டாவது ஓட்டைக்கு மையத்திலிருந்து ஒரு பக்கம் 10 மி.மீ., இன்னொரு பக்கம் 17.32 மி.மீ. போகணும். ஹேண்டிலை ஒரு சுத்து சுத்தினா டேபிள் 2 மி.மீ. நகரும். டயலில் 100 கோடு. அப்போ 17.32 என்றால் 8 சுத்து, அப்புறம் 66 கோடு. இதே மாதிரி ஒவ்வொரு ஓட்டைக்கும்.

டீ வந்தது. அஞ்சாவது ஓட்டை 2 மி.மீ. தள்ளி விழுந்தது. அந்த வாரத்தில் அது மூணாவது தகடு. ரிவ்யூவுக்கு நாலு நாள்தான் பாக்கி.

தலையில் கை வச்சு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஷெட் அண்ணா கேட்டார்: "ஏன் கண்ணு, டேபிள் எங்கிருக்குன்னு ஹேண்டிலைப் போய் கேட்டா அதுக்கு எப்படித் தெரியும்? டேபிளைத்தானே கேக்கணும்?"

டி.ஆர்.ஓ. என்கிற டிஜிட்டல் ரீட் அவுட்டுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கலை!

ஹேண்டில் சொல்ற பொய்!

ஹேண்டில் ஏன் பொய் சொல்லுது? சைக்கிள் பெடலைச் சும்மா பின்பக்கம் சுத்திட்டு மறுபடி முன்னால் மிதிச்சுப் பாருங்க. செயின் பிடிக்கிற வரைக்கும் உங்க கால் மட்டும்தான் நகரும், வண்டி நகராது. மில்லிங் மெஷினிலும் அதே கதை. லீட் ஸ்க்ரூவுக்கும் அதன் நட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். திசை மாத்தும்போதெல்லாம் அந்த இடைவெளியைத் தாண்டுற வரை டயல் நகரும், டேபிள் சும்மா இருக்கும். இதுதான் பேக்லாஷ். தேய்ஞ்ச சின்ன மெஷினில் இது 0.2, 0.3 மி.மீ. இருப்பது சகஜம். நம்ம 100 கோட்டு டயலில் அது 10, 15 கோடு!

டி.ஆர்.ஓ. என்பது டேபிளோட ஒட்டி ஒரு அளவுகோல், அதைப் படிக்க ஒரு ரீடர், எண்ணைக் காட்ட ஒரு டிஸ்ப்ளே. ஸ்க்ரூ என்ன ஆட்டம் ஆடினாலும் சரி, டேபிள் நிஜமாவே எவ்வளவு நகர்ந்ததோ அதுதான் எண்ணாக வரும். எண்ணுற வேலை மிச்சம். தாராளமா டீ சொல்லலாம்!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேக்லாஷ் கணக்கிலிருந்துதான் போகும், மெஷினிலிருந்து போகாது. கட்டர் சுழலும் திசையிலேயே டேபிளைத் தள்ளி வெட்டினா, கட்டர் அந்த லூஸைப் பயன்படுத்தி ஜாபை 'வெடுக்'குனு இழுக்கும். அப்போ டிஸ்ப்ளே தப்பு நடந்ததை நேர்மையாகக் காட்டும். தடுக்காது!

மூணு பேர், மூணு குணம்

சரி, கடைக்குப் போனா என்ன வாங்குறது? அளவுகோலில் முக்கியமா மூணு ரகம்.

முதல் ஆள், கெப்பாசிட்டிவ் ஸ்கேல். மெட்ராலஜி லேபில் டிஜிட்டல் காலிபர் பார்த்திருப்பீங்களே, அதே டெக்னிக்தான். நீளப்பட்டையில் சின்னச் சின்ன செம்புத் தகடுகள், மேலே நகரும் தலையிலும் அதே மாதிரி. ரெண்டுக்கும் நடுவில் மின்தேக்குத் திறன் மாறுவதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். 0.01 மி.மீ. வரை காட்டும். மூணில் இவர்தான் சீப். குறை? ஈரம் ஆகவே ஆகாது. கூலன்ட் தெறிச்சா எண் தாறுமாறாகக் குதிக்கும். உலர்ந்த வெட்டுக்கு, அலுமினியம், பிளாஸ்டிக், மரம்னு விளையாடுற ஆளுக்கு இது போதும்.

ரெண்டாவது, மேக்னடிக் ஸ்கேல். ஒரு பட்டையில் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்குனு காந்தத் துருவங்களை வரிசையாகப் பதிச்சிருப்பாங்க. ரீடர் அதன் மேல் போகும்போது காந்தப்புலம் மாறுவதை அளக்கும். ரொம்ப ஒல்லி, எண்ணெயோ தண்ணியோ கவலையில்லை, பட்டையை வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கலாம். சின்ன மெஷினில் இடம் இல்லாத ஒய் பக்கத்துக்கு இவர்தான் ஹீரோ. இரும்புத்தூள் ஒட்டும் என்பது ஒரு தொல்லை. அடிக்கடி துடைக்கணும். டயல் கேஜ் மாட்டுற மேக்னடிக் பேஸை மட்டும் பட்டை மேல் வச்சிடாதீங்க. பதிவே அழிஞ்சு போகலாம்.

மூணாவது, கண்ணாடி ஸ்கேல். கண்ணாடிப் பட்டையில் 0.02 மி.மீ.க்கு ஒரு கோடு. அதே மாதிரி கோடு போட்ட சின்னக் கண்ணாடி ஒன்று ரீடரில். ரெண்டு கொசுவலையை ஒண்ணு மேல் ஒண்ணு போட்டு நகர்த்திப் பாருங்க, இருட்டும் வெளிச்சமுமாக அலை ஓடும். மாய்ரே என்கிற அந்த அலையை வைத்து கோடுகளின் தரத்தைச் சோதிக்கலாம்னு 1874-லேயே சொன்னவர் லார்ட் ராலே. 1950-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஃபெரான்டி கம்பெனி அதை மெஷின் டூலுக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு ஷெட்களில் டி.ஆர்.ஓ.ன்னு பார்த்தா பெரும்பாலும் இந்தக் கண்ணாடிதான். துல்லியம் நல்லா இருக்கும். ஆனா உடம்பு கொஞ்சம் பருமன், வெட்ட முடியாது, இடிச்சா 'டமால்'!

இந்தக் கண்ணாடி எப்படி 0.005 மி.மீ. காட்டுது? ரீடரிலிருந்து ஏ, பி என்று ரெண்டு சிக்னல் வரும். ஒண்ணு மத்ததைவிடக் கால் அலை பின்தங்கி வரும். எது முந்துதுன்னு பார்த்தா எந்தத் திசையில் போறோம்னு தெரிஞ்சிடும். ஒரு கோட்டுக்கு நாலு மாற்றம், அதனால் 20 மைக்ரானை நாலால் வகுத்தா 5 மைக்ரான். சென்சார்ஸ் பேப்பரில் குவாட்ரேச்சர்னு மனப்பாடம் பண்ணது இதுதான் பாஸ்!

அந்த ஒரு மைக்ரான் ஆசை

இப்போ நான் விழ இருந்த குழிக்கு வருவோம். நாங்க மூணு பேரும் காசு போட்டு வாங்குறதா முடிவாச்சு. லிஸ்டில் 5 மைக்ரான் ஒண்ணு, 1 மைக்ரான் ஒண்ணு. ரெண்டாவதுக்கு விலை கூட. "மச்சி, வாங்குறதுதான் வாங்குறோம், ஒரு மைக்ரானே வாங்கிடலாம்டா"ன்னு நான்தான் கொடி பிடிச்சேன்.

அண்ணா ஒண்ணும் சொல்லலை. டேபிள் ஓரத்தில் ஒரு டயல் கேஜை வச்சார். டேபிளின் மறுமுனையைக் கையால் லேசாகத் தள்ளினார். முள் எட்டு கோடு நகர்ந்தது. விட்டார், திரும்பி வந்தது. எட்டு கோடு என்றால் 0.08 மி.மீ., அதாவது 80 மைக்ரான்!

"கையில தள்ளுனதுக்கே எம்பது ஆடுது. உனக்கு ஒண்ணு கேக்குதா கண்ணு?"

ஷெட்டில் பயங்கர அமைதி. கம்ப்ரஸர் மட்டும் ஓடிக்கிட்டிருந்தது.

இதுதான் மக்களே இந்த வார மேட்டர். டிஸ்ப்ளே காட்டுற கடைசி இலக்கம் வேற, மெஷின் வெட்டித் தர்ற துல்லியம் வேற. ரெசல்யூஷன் என்பது எவ்வளவு பொடிசாக எண்ண முடியும் என்பது. அக்யூரஸி என்பது அந்த எண் எவ்வளவு உண்மை என்பது. சாதாரண 150 மி.மீ. டிஜிட்டல் காலிபரையே பாருங்க. 0.01 வரை காட்டும், ஆனா பிழை 0.02, 0.03 வரை இருக்கலாம்னு அதன் தாளிலேயே போட்டிருக்கும்.

அளவுகோல் டேபிளின் பின்னால் இருக்கும், கட்டர் முன்னால் வெட்டும். டேபிள் கொஞ்சம் கோணினாலும் ரெண்டு இடத்திலும் நகர்வு ஒரே அளவாக இருக்காது. 200 மி.மீ. தள்ளி இருக்கிற அளவுகோலுக்கு, டேபிள் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணினா, கட்டர் இடத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட 0.06 மி.மீ.! இதை 1890-லேயே விளக்கினவர் ஜெர்மன்காரர் எர்ன்ஸ்ட் ஆபே. நம்ம சிலபஸில் இருக்கிற அதே ஆபே தத்துவம்தான்.

சூட்டையும் மறந்துடாதீங்க. 300 மி.மீ. அலுமினியத் துண்டு வெட்டும்போது 10 டிகிரி சூடேறினா சுமார் 0.07 மி.மீ. நீளும். சூட்டோட சரியா வெட்டிட்டு, ஆறினதும் அளந்தா குறையும். டிஸ்ப்ளேயைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அதனால் அன்னைக்குச் சாயங்காலம் நாங்க வாங்கினது டி.ஆர்.ஓ. இல்லை. ஒரு டப்பா கிரீஸும் ரெண்டு வடையும்தான்! டேபிளின் பக்கவாட்டில் கிப்னு ஒரு பட்டை இருக்கும். அதைக் கழட்டித் துடைச்சு, எண்ணெய் போட்டு, திருகாணிகளை ஒவ்வொண்ணாக இறுக்கினோம். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த எட்டு கோடு ரெண்டரை கோடாகிப் போச்சு. செலவு? கிட்டத்தட்ட பூஜ்யம். நாலாவது தகட்டை அந்த மெஷினிலேயே, டி.ஆர்.ஓ. இல்லாமல், எண்ணிக்கையை ஒருத்தன் பேப்பரில் எழுத, நான் எப்பவும் ஒரே திசையிலிருந்து மட்டும் நெருங்கி, போட்டு முடிச்சோம். ஆறு போல்ட்டும் உட்கார்ந்துச்சு. புராஜெக்ட் தப்பிச்சது.

அப்போ டி.ஆர்.ஓ. வேண்டாமா?

வேணும்! அந்த நாலாவது தகட்டுக்கு மூணு மணி நேரம் ஆச்சு, ரெண்டு பேர் வேலை. மாசத்துக்கு ஒரு தகடு போடுறவருக்கு அது ஓகே. வாராவாரம் மெஷினில் நிக்கிறவருக்கு டி.ஆர்.ஓ. காப்பாத்துறது பொறுமையை, தூக்கத்தை, அலுமினியத்தை! எங்களுக்கு ரிவ்யூ முடிஞ்சும் ஷெட் ஆசை விடலை. ரெண்டு மாசம் கழிச்சு வாங்கினோம். அப்போ கத்துக்கிட்டது இது...

முதல்ல ரெண்டு ஆக்சிஸ் போதும். எக்ஸ், ஒய் ரெண்டில்தான் எண்ணிக்கை குழம்பும். மேலும் கீழும் போற இசட்டுக்கு அந்தச் சீப்பான கெப்பாசிட்டிவ் பட்டை ஒண்ணைத் தனியா மாட்டிக்கலாம். மூணு ஆக்சிஸ் டிஸ்ப்ளேயை வாங்கி, மூணாவது ஸ்கேலைப் பிறகு சேர்க்கிறதும் நல்ல வழி.

ரெசல்யூஷன் 5 மைக்ரான் தாராளம். மிச்சமாகிற காசில் நல்ல எட்ஜ் ஃபைண்டர் வாங்குங்க. ஜாபின் ஓரத்தைச் சரியாகப் பிடிக்காதவருக்கு டிஸ்ப்ளேயில் எத்தனை இலக்கம் இருந்து என்ன பலன்?

நீளத்தைக் கழுத்தில் கத்தி இருக்கிற மாதிரி அளங்க. ஸ்கேலின் பயண நீளம் டேபிளின் பயணத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கணும். குறைஞ்சா, ஹேண்டிலைக் கடைசி வரை சுத்தும்போது ரீடர் முட்டி கண்ணாடி உடையும். கண்ணாடி ஸ்கேலின் மொத்த உடம்பு பயண நீளத்தைவிட 100 மி.மீ.க்கு மேல் பெரிசா இருக்கும் என்பதையும் மறக்காதீங்க. அது மாட்ட இடம் இருக்கா? எங்க மெஷினில் ஒய் பக்கம் இடமே இல்லை. அதனால்தான் மேக்னடிக் எடுத்தோம்.

டிஸ்ப்ளேயில் என்ன பார்க்கணும்? எங்கிருந்தும் பூஜ்யம் வைக்கிற வசதி, ஒரு நிலையான பூஜ்யம் ஒரு தற்காலிக பூஜ்யம்னு ரெண்டு கணக்கு, எண்ணைப் பாதியாக்கி நடு மையம் காட்டுற பட்டன், வட்டத்தில் ஓட்டை போடுற பட்டன். கடைசியா சொன்னதுக்கு ஆறு ஓட்டை, 40 விட்டம்னு கொடுத்தா போதும். டிஸ்ப்ளே பூஜ்யமாகிற வரை நகர்த்தினா ஓட்டை இடம் ரெடி. நான் மூணு தகட்டில் அழுத அழுகைக்கு ஒரு பட்டன்! மத்த ஐம்பது வசதிகளை விளம்பரத்தில் பார்த்து மயங்காதீங்க.

எலக்ட்ரானிக்ஸ் ஃப்ரெண்ட் இருந்தா இன்னும் சீப். ஸ்கேலை மட்டும் வாங்கி, ஆர்டுவினோ மாதிரி ஒரு போர்டு வச்சு, பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டையே டிஸ்ப்ளேயாக்கலாம். டச் டி.ஆர்.ஓ. என்கிற ஆப் இதுக்குன்னே இருக்கு. ஆனா ஒரு கம்பெனி ஸ்கேலை இன்னொரு கம்பெனி டிஸ்ப்ளேயில் கண்ணை மூடிக்கிட்டு செருகாதீங்க. ரெண்டிலும் அதே ஒன்பது பின் சாக்கெட் இருக்கும், உள்ளே ஒயர் வரிசை வேற வேற. தப்பா போனா ரீடர் புகைஞ்சிடும்.

கரன்ட் போய் வந்தா? இந்த விலையில் வர்ற ஸ்கேல்கள் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும் வச்சிருக்கிற ரகம். கரன்ட் இல்லாதப்போ ஹேண்டிலைத் தொட்டா கணக்கு போச்சு. கண்ணாடி ஸ்கேலில் நடுநடுவே அடையாளக் கோடு உண்டு, அதை வைத்துப் பழைய பூஜ்யத்தைத் திரும்பப் பிடிக்கலாம். அந்த வசதி டிஸ்ப்ளேயிலும் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. எர்த் மறக்காதீங்க. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறப்போ எண் தானா குதிச்சா, முதல் சந்தேகம் எர்த் மேலதான் வரணும்.

வாங்கினதும் நம்பிடாதீங்க!

மாட்டும்போது ஸ்கேல் டேபிளுக்கு இணையாக இருக்கான்னு ரெண்டு முனையிலும் டயல் கேஜ் வச்சுப் பாருங்க. கிட்டில் வர்ற தாளில் எவ்வளவு வித்தியாசம் வரலாம்னு போட்டிருக்கும், அதுக்குள் கொண்டுவாங்க. ஒயரை டேபிள் கடைசி வரை போனாலும் இழுபடாத மாதிரி வளைச்சு விடுங்க.

அப்புறம் ரெண்டு டெஸ்ட். ஒண்ணு, டயல் கேஜில் முட்டி பூஜ்யம் வச்சு, தூரமா போயிட்டு திரும்பி வாங்க. அஞ்சு தடவையும் அதே பூஜ்யம் வரணும். ரெண்டு, உங்க மெட்ராலஜி லேபில் ஸ்லிப் கேஜ் இருக்கும். லேப் அசிஸ்டன்ட் அண்ணாகிட்ட நல்லபடியா கேட்டு வாங்கி, 25, 50, 100 மி.மீ.க்கு டிஸ்ப்ளே என்ன சொல்லுதுன்னு எழுதுங்க. தப்பு ஒரே சீரா கூடிக்கிட்டே போனா, அதைச் சரிசெய்யப் பல டிஸ்ப்ளேயில் வசதி உண்டு. இந்த அட்டவணையை புராஜெக்ட் ரிப்போர்ட்டில் வச்சா வைவாவில் கேள்வியே வேற லெவலில் இருக்கும். அனுபவம்!

எங்க டி.ஆர்.ஓ. மாட்டின அன்னைக்கு அண்ணாதான் முதல் ஓட்டை போட்டார். டிஸ்ப்ளேயில் பச்சை எண்கள் ஜோரா ஓடிச்சு. நாங்க கை தட்டினோம். அவர் தகட்டைக் கழட்டினார், பிசிறைத் தேய்ச்சார், சட்டைப் பையிலிருந்து அவரோட பழைய வெர்னியரை எடுத்து அளந்தார்.

"என்னங்ணா, அதான் டிஸ்ப்ளேயே சொல்லுதே?"

"டேபிள் எங்கிருக்குன்னு அது சொல்லிருச்சு கண்ணு. ஓட்டை எங்கிருக்குன்னு ஓட்டையைத்தானே கேக்கணும்?"

கிளம்புறதுக்கு முன்னாடி, பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி, அஞ்சு கேள்வி:

1. கிப்பை இறுக்கி, டயல் கேஜ் வச்சு மெஷின் எவ்வளவு ஆடுதுன்னு அளந்தாச்சா?
2. நான் செய்யப்போற ஜாபுக்கு நிஜமா எவ்வளவு துல்லியம் வேணும்?
3. கூலன்ட் ஊத்துவேனா, உலர்வெட்டா?
4. எக்ஸ், ஒய் பயணம் எவ்வளவு? ஸ்கேல் மாட்ட இடம் எங்கே?
5. மாசத்தில் எத்தனை நாள் இந்த மெஷினில் நிப்பேன்?

அஞ்சுக்கும் பதில் கையில் இருந்தா, கடைக்காரர் உங்களைக் குழப்ப முடியாது. பதில் இல்லைன்னா... முதல்ல ரெண்டு வடையும் ஒரு டப்பா கிரீஸும் வாங்குங்க!

அடுத்த வாரம் பார்ப்போமா? டாட்டா!